நம்ம ஊர் ஆலைகளில் யாருக்கும் அடிபடுவதே இல்லையா?

பேரேட்டுக்காரன் (காரைக்குடி) தொடங்கியது:

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கைகளைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

ஒன்று என் அத்தை மகனின் கை. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் பட்டறை வேலை. தகடு கிழித்து உள்ளங்கையில் நான்கு தையல், மூன்று நாள் மருத்துவ விடுப்பு. இரண்டாம் நாளே கம்பெனி மனிதவள அமைச்சகத்துக்கு ஆன்லைனில் எழுதிவிட்டது. அவனுக்கே ஆச்சரியம், "நாலு தையலுக்கு இவ்வளவு கூத்தா" என்று போனில் சிரித்தான்.

இன்னொன்று இங்கே. நான் கணக்கு எழுதும் அரிசி ஆலைகளில் ஒன்று, ஊர் பெயர் வேண்டாம். எலிவேட்டர் பெல்ட்டில் சாக்கு நூல் சிக்கியிருக்கிறது. மிஷினை நிறுத்தாமல் ஓட ஓட இழுக்கப் போய், ஒருவருக்கு நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு போய்விட்டன. துண்டைச் சுற்றி முதலாளியின் காரிலேயே தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். சீட்டில் "கதவிடுக்கில் நசுங்கியது" என்று இருக்கிறது. பதினைந்தாம் நாள் அந்த ஆள் களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தார், இடது கையால்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நாடுகளின் கணக்கைத் தேடிப் பார்த்தேன். பிரிட்டனில் 2023-24இல் வேலையிடத்தில் இறந்தவர்கள் 138, முதலாளிகள் எழுதிக்கொடுத்த காயங்கள் 61,663. அதாவது ஒரு சாவுக்கு 447 காயம். ஜப்பானில் 2023இல் 755 சாவு, நான்கு நாளும் அதற்கு மேலும் வேலைக்கு வர முடியாத காயம் 135,371. ஒன்றுக்கு 179. நம் நாட்டில் பதிவான தொழிற்சாலைகளில் மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் பேரை ஒட்டி இறக்கிறார்கள். காயம்? அதைப்போல மூன்று நான்கு மடங்குதான்.

அப்படியென்றால் இங்கே அடிபட்டால் நேரே சாவுதானா? அல்லது எனக்குத்தான் கணக்கு தெரியவில்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஜூரோங் தம்பி (தேவகோட்டை, இப்போது சிங்கப்பூர்) எழுதியது:

அண்ணே, உங்கள் அத்தை மகன் 2020க்கு முன்னால் அடிபட்டிருந்தால் அந்தக் காகிதமே போயிருக்காது. நான் இங்கே சேஃப்டி கோஆர்டினேட்டர், ரெண்டு விதியையும் பார்த்தவன்.

முன்பு மூன்று நாளுக்கு மேல் விடுப்பு, அல்லது 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுக்கை என்றால்தான் எழுத வேண்டும். அதனால் என்ன ஆனது? விரல் நசுங்கியவனுக்கும் இரண்டு நாள் விடுப்பு. மூன்றாம் நாள் 'லைட் டியூட்டி' என்று கன்டெய்னர் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். கையில் கட்டுடன் ஒருவர் காலையிலிருந்து மாலை வரை கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். 2020 செப்டம்பர் 1 முதல் ஒரு நாள் விடுப்பு என்றாலும், லைட் டியூட்டி என்றாலும் பத்து நாளுக்குள் எழுதியாக வேண்டும். தவறினால் முதல் தடவை 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம். அந்த நாற்காலி போய்விட்டது.

ஆனால் ஒன்று. இங்கே 2023இல் 36 பேர் இறந்தார்கள், லட்சம் தொழிலாளருக்கு 0.99. அடுத்த ஆண்டு 43, விகிதம் 1.2. ஏழு பேர் கூடினால் நாட்டின் விகிதமே ஏறிவிடும் அளவு சின்ன ஊர் இது. தொழிலாளியே நேராக அமைச்சகத்துக்குச் சொல்லலாம் என்று சட்டம் இருக்கிறது. வொர்க் பெர்மிட்டில் வந்த பையன் கடனை அடைக்கும் முன்னே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து வாய் திறக்காததும் இருக்கிறது. எல்லாம் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

என் பங்குக்கு ஒன்று. பிரிட்டனில் லட்சத்துக்கு 0.42 சாவு. அமெரிக்காவில் 2023இல் 5,283 பேர், லட்சத்துக்கு 3.5. எட்டு மடங்கு! அமெரிக்காக்காரன் அவ்வளவு அசட்டையா?

---

கண்டனூர் டு ஹாம்பர்க் எழுதியது:

பிராணி, ரெண்டும் வேறு வேறு படி வைத்து அளந்த நெல். ஒன்று பட்டணம் படி, இன்னொன்று நம்ம ஊர்ப் படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கணக்கில் வேலையாகச் சாலையில் போகும்போது லாரி மோதி இறந்தவரும் உண்டு, கடையில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவரும் உண்டு, வேலையிடத்துத் தற்கொலையும் உண்டு. அந்த 5,283இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாகன விபத்து மட்டுமே. பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்புத் துறை சாலை விபத்தைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. கப்பல், விமானமும் அப்படியே. படியைச் சரிசெய்தாலும் அமெரிக்கா மோசம்தான், ஆனால் எட்டு மடங்கு நிற்காது. அமெரிக்காவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய சாவுக் கணக்கு முதலாளி கொடுத்த தாளை மட்டும் நம்புவதில்லை. இறப்புச் சான்றிதழ், பத்திரிகைச் செய்தி, இழப்பீட்டுக் கோப்பு எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்துத்தான் ஒரு பெயரை ஏற்றுகிறார்கள்.

இப்போது பேரேட்டுக்காரரின் கேள்வி. காயத்தின் எண்ணிக்கை எந்த நாட்டில் கூடுதல், எந்த நாட்டில் குறைவு என்று பார்த்தால் ஆபத்தைவிடக் காசுதான் அதைத் தீர்மானிக்கிறது என்பேன். ஐரோப்பா முழுக்க ஒரே விதி: மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வராத விபத்து எல்லாம் கணக்கு. 2022இல் 3,286 சாவு, மற்றவை ஏறத்தாழ 30 லட்சம். ஆனால் ருமேனியா, பல்கேரியாவை எடுத்துப் பாருங்கள். காயம் ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த வரிசையில், சாவு விகிதமோ சராசரிக்கு மேலே. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டே இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறது: எழுதினால் தொழிலாளிக்குக் காப்பீட்டுப் பணம் வரும் நாடுகளில் எழுதுகிறார்கள், சட்டம் சொல்கிறது என்பதற்காக மட்டும் எழுத வேண்டிய இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

ஜெர்மனியில் இதைக் கண்ணால் பார்க்கிறேன். 1884இலிருந்தே விபத்துக் காப்பீடு தனி. சந்தா முழுக்க முதலாளி தலையில். நான் ஒரு தடவை கிடங்கில் கணுக்கால் பிசகிப் போனபோது, டாக்டர் வலி எங்கே என்று கேட்பதற்கு முன் கேட்ட கேள்வி, "வேலையிலா, வீட்டிலா?" பில் யாருக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. அதற்கென்றே தனி அங்கீகாரம் பெற்ற டாக்டர்கள் உண்டு. எங்கள் முதலுதவிப் பெட்டிக்குள் ஒரு சிட்டைப் புத்தகம் தொங்கும். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டாலும் பெயர், நேரம், எப்படி என்று எழுதி, ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். நாளைக்கு அந்தக் கீறல் சீழ் பிடித்தால் அந்த ஒரு வரிதான் சாட்சி.

---

பேரேட்டுக்காரன் எழுதியது:

சிட்டைப் புத்தகம் என்றதும் மனசுக்கு நெருக்கமாக இருக்கிறது. இடையில் படித்த ஒன்று: ஜப்பானில் விபத்தை மறைப்பதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, 'ரோசாய் ககுஷி'. அது குற்றம், 5 லட்சம் யென் வரை அபராதம். நான்கு நாளுக்குக் குறைந்த காயத்தைக்கூட மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டுமாம். நமக்கு அதற்கு ஒரு பெயர்கூட இல்லை பாருங்கள். "பேசி முடித்தாச்சு" என்போம், அவ்வளவுதான்.

---

நெல்லும் உமியும் எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நான் ஆலை நடத்துபவன். வெளிநாட்டுக் கதை எல்லாம் சரி, இங்கே இருப்பதையும் கேளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் உமிச் சாம்பல் மேட்டில் கால் வைத்துவிட்டார். மேலே பார்த்தால் ஆறிப்போன சாம்பல், உள்ளே கங்கு. முழங்கால் வரை இறங்கிவிட்டது. மதுரைக்கு நான்தான் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என்னுடையது, வீட்டுக்கு வாரம் இரண்டாயிரம் அவர் நடக்கும்வரை. எழுதியிருந்தால் இன்ஸ்பெக்டர் வருவார், சாம்பல் மேட்டைச் சுற்றி ஏன் வேலி இல்லை என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வாரம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேனா, ஆளைப் பார்ப்பேனா? உயிர் போயிருந்தால் போலீஸ் வேறு. அலட்சியத்தால் மரணம் என்று வழக்கு, முன்பு தண்டனைச் சட்டத்தின் 304-ஏ, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 106ஆம் பிரிவு.

எழுதாதவன் எல்லாம் கல்நெஞ்சக்காரன் என்ற தொனி இழையில் ஏறிக்கொண்டே போகிறது. அது வேண்டாம். வேலி இப்போது போட்டிருக்கிறேன், தகவலுக்கு.

---

சலான் செல்வி எழுதியது:

நான் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் பிஎஃப்பும் இஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுச் சந்தாவும் கட்டிக்கொடுக்கும் வேலை பார்க்கிறேன். நெல்லும் உமியும் ஐயா, உங்கள் மனசைக் குறை சொல்லவில்லை. ஆனால் இஎஸ்ஐ இருந்திருந்தால் நீங்கள் வாரம் இரண்டாயிரம் கொடுத்திருக்கவே வேண்டாம். மாதம் 21,000 வரை சம்பளம் உள்ளவருக்கு வேலையில் அடிபட்டால், அவர் வேலைக்குச் சேர்ந்தது முதல் நாளாக இருந்தாலும், வேலைக்கு வர முடியாத நாளுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் இஎஸ்ஐ கொடுக்கும். வேலைக்கு வரும் வழியில் விழுந்தாலும் உண்டு, 2010 திருத்தத்திலிருந்து. அதற்கு விபத்தைச் சொல்லும் 12ஆம் நம்பர் படிவம் போக வேண்டும், அவ்வளவுதான். ஹாம்பர்க்காரர் சொன்ன காசு வரும் புத்தகம் நம்மிடமும் ஒன்று இருக்கிறது, பாதிப் பேர் பெயர் அதில் ஏறுவதில்லை.

இன்னொரு வேடிக்கை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு என்ன சொன்னது? 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றாலே எழுத வேண்டும். பிரிட்டனில் ஏழு நாளுக்கு மேல், 2012க்கு முன் மூன்று நாளுக்கு மேல். ஐரோப்பாவில் மூன்று நாளுக்கு மேல். காகிதத்தில் பார்த்தால் நம் சல்லடைதான் நெருக்கம். அதில்தான் ஒன்றும் நிற்பதில்லை. இப்போது புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் மின்சாரம் உள்ள தொழிற்சாலை என்றால் பத்துப் பேர் என்பது இருபது பேர் ஆகிவிட்டது. நம் பக்கத்து ஆலைகள் எத்தனை அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விடும் என்று எண்ணிப் பாருங்கள்.

---

நெல்லும் உமியும் எழுதியது:

என் சம்பளப் பட்டியலில் எட்டுப் பேர்தான் அம்மா, பத்துகூட வரவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் மேஸ்திரி ஆள்.

---

சலான் செல்வி எழுதியது:

அந்த எட்டுப் பேரை எனக்கு நன்றாகத் தெரியும் ஐயா. மாவட்டம் முழுக்க எல்லா ஆலையிலும் அதே எட்டுப் பேர்தான் வேலை செய்கிறார்கள்.

---

மலாக்கா பேரன் எழுதியது:

ஹா ஹா. மலேசியாவில் இரண்டு வாசல். வேலையிடப் பாதுகாப்புத் துறைக்கு நான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வராத விபத்தைச் சொல்ல வேண்டும், 2004 விதி. பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பு வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் விழுந்ததையும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரே நாட்டில் இரண்டு எண், பெர்கேசோ எண்தான் எப்போதும் பெரிது. வெளிநாட்டுத் தொழிலாளர் அதற்குள் வந்தது 2019 ஜனவரியில்தான். எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்துக் கணக்கில் இருந்தவர். பால் வெட்டும்போது கண்ணில் கத்தி பட்டவரைக் "கண் நோவு" என்று எழுதியதாகச் சொல்வார்.

---

பழைய வளைகுடா எழுதியது:

கத்தாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஎல்ஓ என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அங்கே 2020ஆம் ஆண்டுக்கான பதிவுகளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சேர்த்துப் பார்த்ததில் 50 சாவு, பலத்த காயம் 500க்கு மேல், மற்ற காயம் 37,600. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும் அலுவலகம் இல்லை என்பதையும் அந்த அறிக்கையே சொன்னது. நான் வேலை பார்த்தது வேறு நாடு. என் அறையில் இருந்தவர் ஜூலை வெயிலில் சாரத்திலிருந்து இறங்கி வந்து தண்ணீர் கேட்டார், குடிக்கும் முன் சாய்ந்துவிட்டார். சான்றிதழில் "இயற்கை மரணம், இதயம் நின்றது". யாருக்குத்தான் சாகும்போது இதயம் நிற்காது?

---

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த ஊர் என்பது வேண்டாம்.

கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். புத்தகம் இருக்கும், ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டு எழுதுவார் டாக்டர். கை நசுங்கி வந்தவரிடம் கேட்டால், அவர் முதலில் டாக்டரைப் பார்க்க மாட்டார். கூட வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். கூட வந்தவர், "பைக்கில் விழுந்துட்டாருங்க" என்பார். நான் காயத்தைக் கழுவிக்கொண்டிருப்பேன். பைக்கில் விழுந்தால் மண் வரும், தார் வரும். இதில் தவிடு வரும். எத்தனையோ ராத்திரி தவிட்டைக் கழுவிவிட்டு "சாலை விபத்து" என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நானும் வாய் திறந்ததில்லை.

அந்த ஏ.ஆர். காப்பி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்ப எங்கள் கையில் ஒரு தாள்கூட இருந்ததில்லை. ஹாம்பர்க் தம்பி, உங்கள் டாக்டர் கேட்ட அந்த முதல் கேள்வி எங்கள் புத்தகத்திலும் இருந்தது. பதில்தான் கூட வந்தவரிடம் இருந்தது.

கணக்கு எழுதும் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். ஆலை முதலாளிகள் செலவு செய்தோம் என்கிறார்கள், நம்புகிறேன். அந்தப் பணம் பெட்டியிலிருந்து வெளியே போயிருக்கும் இல்லையா? எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்?

---

ஜூரோங் தம்பி எழுதியது:

ஆச்சி... 

---

கானாடுகாத்தான் பக்கத்து வீடு எழுதியது:

ஆலையாவது ஆலை. எங்கள் தெருவில் பழைய வீடு பிரித்தபோது இரண்டாம் கட்டு உத்தரம் இறங்கி ஒருவருக்கு இடுப்பு ஒடிந்தது. பர்மாத் தேக்கு, ஆறு பேர் தோள் கொடுத்தால்தான் நகரும். அப்போது நடப்பில் இருந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 1996, வீடு இடிப்பதற்கும் பொருந்தும் என்று ஒரு வக்கீல் சொன்னார், ஆனால் பத்துப் பேர் வேலை செய்ய வேண்டும். அங்கே ஏழு பேர். உத்தரம் நல்ல விலைக்குப் போனது. அதற்கு ரசீது இருக்கிறது.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

பிரிட்டனைத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். அந்த 61,663 முதலாளிகள் எழுதியது. அதே ஆண்டு வீடு வீடாகத் தொழிலாளர்களையே கேட்டு எடுத்த கணக்கில் 604,000 பேர் அடிபட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு நாள் விடுப்புகூட எடுக்காத சின்னக் காயமும் சேரும், சரி. ஆனாலும் எழுத வேண்டியதில் பாதிதான் வருகிறது என்று அந்தத் துறையே ஒப்புக்கொள்கிறது.

---

கண்டனூர் டு ஹாம்பர்க் எழுதியது:

ஒப்புக்கொள்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு கணக்கை இன்னொரு கணக்கோடு ஒட்டிப் பார்த்து, தங்கள் புத்தகத்தில் எவ்வளவு ஓட்டை என்று அவர்களே ஆண்டுதோறும் அச்சில் போடுகிறார்கள். நம் ஊர் ஐந்தொகை போட்டவர்களுக்கு இது புரியும். வரவும் செலவும் இடிக்கும்போதுதானே எங்கே விட்டோம் என்று தேடுவோம். இடிக்க இரண்டாவது கணக்கே இல்லையென்றால் எதைத் தேடுவது? ஆச்சி கேட்ட கேள்விக்குப் பேரேட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

---

பேரேட்டுக்காரன் எழுதியது:

மூன்று ராத்திரி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் எழுதும் மூன்று ஆலைகளுக்கும் கம்ப்யூட்டரில் டாலி கணக்கு உண்டு. ஆனால் முதலில் குறிப்பேட்டில் கையால் எழுதி, அப்புறம்தான் ஏற்றுவேன். நான்கு வருஷத்துக் குறிப்பேடுகளை எடுத்துத் திண்ணையில் போட்டுப் புரட்டினேன். ஆச்சி தேடச் சொன்ன பணம் "மகமை"யில் இருந்தது. கோயிலுக்கும் ஏழைப் பிள்ளை படிப்புக்கும் ஒதுக்கும் தலைப்பு. "மகமை, கண் ஆஸ்பத்திரி, 4,200." "மகமை, களத்து ஆள் வீட்டுக்கு, 2,000." அதே ஆள் வீட்டுக்கு அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். கொஞ்சம் "இதர செலவு, வண்டி வாடகை"யில். ஆளும் சம்பவமும் எனக்கு ஞாபகம் இருப்பவை மட்டும் பதினான்கு. ஒன்பதில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வரவில்லை என்று கூலிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிகிறது. ஒன்பதும் என் கையெழுத்து. போன மாதத்து இரண்டு விரல் எந்தத் தலைப்பில் என்றால், "சாமான் ரிப்பேர்". அன்றைக்கு அவசரத்தில் பெல்ட் வாங்கிய பில்லோடு சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இன்று காலை அந்த ஆலை முதலாளியிடம் போய், விபத்துக்கு ஒரு தனித் தலைப்பு திறக்கலாமா அண்ணே என்று கேட்டேன். ஆடிட்டர் என்ன என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றார். விபத்து என்று சொல்வேன் என்றேன். கொஞ்ச நேரம் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் அங்கேதான் நின்றிருந்தார்.

"சரி, எழுது," என்றார். உள்ளே போனவர் திரும்பி வந்து, "பென்சிலில் எழுது," என்றார்.

செல்வி அம்மா, அந்த 12ஆம் நம்பர் படிவம் பழைய தேதிக்குப் போடலாமா? அவர் பெயர் அந்த எட்டில் இல்லை.